தண்ணீரை வளர்த்தல்

தமிழில் 'வளர்த்தல்' என்ற சொல்லுக்கு எல்லை கிடையாது. பிள்ளை வளர்க்கிறோம், மாடு வளர்க்கிறோம், முடி வளர்க்கிறோம், மல்லிகைக் கொடி வளர்க்கிறோம். வேள்வியில் தீயைக்கூட வளர்க்கத்தான் செய்கிறார்கள். இந்த வினைக்கு எழுவாய் யார் என்று இலக்கண வகுப்பில் கேட்டால், யாராகவும் இருக்கலாம் என்று மாணவிகள் சொல்வார்கள். ஆனால் தெருவில் ஒரு பையன் கெட்ட வார்த்தை பேசினால் 'வளர்ப்பு சரியில்லை' என்கிறார்களே, அந்த வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் எழுவாய் யார் என்பது நமக்கெல்லாம் தெரியும். அவனுடைய அப்பாவை நினைத்துக்கொண்டு யாரும் அதைச் சொல்வதில்லை.

நாற்பத்தாறு வயதில் நான் முதன்முதலாக ஒரு மீன் வளர்க்கத் தொடங்கினேன். இந்தச் சொல்லோடு எனக்கிருந்த பழைய வழக்கு அதனால் மறுபடி விசாரணைக்கு வந்தது.

எனக்கு வளர்ப்புப் பிராணிகள்மேல் எப்போதும் பிரியம் இருந்ததில்லை. அதோடு, எதையும் யாரையும் இனிப் பார்த்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்திருந்த காலம் அது. அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆறு வருடம் படுக்கையில் இருந்தாள். நான் திருமணம் செய்துகொள்ளாதவள், கல்லூரி வேலையில் இருப்பவள், அம்மாவோடு ஒரே வீட்டில் வசிப்பவள். ஆகவே யாரும் பேசி முடிவெடுக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அண்ணன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். மாதாமாதம் பணம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். டயப்பர் மாற்றும் நேரம் வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். "உனக்குத்தாம்மா இதெல்லாம் வரும். எனக்கு வராது" என்பார். கேலியாக அல்ல, உண்மையான மரியாதையோடு. அந்த மரியாதையில்தான் நான் ஆறு வருடம் மாட்டியிருந்தேன்.

அம்மா போன பிறகு வீட்டில் ஒரு துளசிச் செடிகூட வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை என்று என்னைக் கேட்கிற எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

அப்படியிருக்க, ஒரு மே மாதம், முதுகலை மாணவி ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே நாவற்பழ நிறத்தில் ஒரு ஃபைட்டர் மீன். விடுதி அறையில் துப்பட்டாவால் மூடி மூடி ஒரு வருடம் வைத்திருந்திருக்கிறாள். "பத்து நாள் மட்டும் மேம். வேலை கெடச்சு ரூம் பாத்ததும் வந்து எடுத்துக்கறேன்." வேலை கோயம்புத்தூரில் கிடைத்தது. அறை கிடைத்த இடத்தில் பிராணிகள் கூடாது என்றார்கள். அவள் போனில் அழுதாள். "பரவாயில்ல, இருக்கட்டும்" என்று சொன்ன குரல் என்னுடையதுதானா என்று போனை வைத்த பிறகு யோசித்தேன்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காதான் அவனுக்குப் பெயர் வைத்தார். "ஒரு வேல கெடையாது. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தண்ணி. துரைதான்!" அன்றிலிருந்து காலையில் வந்ததும் என்னிடம் முதலில் கேட்பது, "துரை சாப்ட்டாரா?"

மீன் கடைக்காரரிடம் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது அவர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்குக் கவிதைபோல் கேட்டது. "மீன வளக்காதீங்க மேடம், தண்ணிய வளங்க. மீன் தானா இருக்கும்." அது கவிதை அல்ல, வேதியியல் என்பது பிறகு புரிந்தது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஆற்றில் அது கரைந்து போய்விடும். தொட்டியில் அங்கேயே நிற்கும், மீனின் செவுளையே அரிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதன் வீரியம் மிகக் குறைவு. இந்த இரண்டு கூட்டமும் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் கூழாங்கற்களிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அவற்றின் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். அதாவது, அளந்து பார்த்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இருபத்தைந்து லிட்டர் தொட்டி வாங்கினேன். சோதனைக் குப்பிகள் வாங்கினேன். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, குப்பியில் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பேன். மஞ்சளாக நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை தட்டினால் இருக்கிறது. பச்சை என்றால் வாளியை எடுக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்காக ஓலைச்சுவடிப் பாடவேறுபாடுகளைப் பார்த்த காலத்தில்கூட, ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையே இவ்வளவு நேரம் நான் நின்றதில்லை. மாநகராட்சிக் குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஆகவே குளோரின் நீக்கும் மருந்து கலந்த பிறகே ஊற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும். மதுரை வெயிலில் தண்ணீர் சூடேறாமல் தொட்டியை நிழலில் வைத்து, மூடியைத் திறந்து, மின்விசிறிக் காற்று படும்படி செய்ய வேண்டும். இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதினேன். ஆறாவது வாரம் இரண்டு குப்பியும் நஞ்சில்லை என்று காட்டிய காலையில், யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அக்காவிடம் சொன்னேன். "துரைக்குப் பத்தியம் முடிஞ்சிருச்சா?" என்றார். முடிந்துவிட்டது.

எதிர்வீட்டு அம்மா ஒருநாள் தொட்டியைப் பார்த்துவிட்டு, "புள்ள இல்லாத கொறைக்கு ஒரு மீனாச்சும் இருக்கட்டும் டீச்சர்" என்றார். துறை அறையில் சிலர் என்னை 'மீனம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அன்பாகத்தான். ஆனாலும் அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை. ஒரு பெண் எதை அக்கறையாகச் செய்தாலும் அதற்குத் தாய்மை என்று பெயர் வைத்துவிட்டால், அவள் படித்தது, அளந்தது, நோட்டில் எழுதியது எல்லாம் காணாமல் போய்விடுகின்றன. இயல்பாக வந்ததற்குக் கூலியும் இல்லை, பாராட்டும் இல்லை, விடுப்பும் இல்லை. எந்த உள்ளுணர்வும் எனக்கு நைட்ரைட் அளவைச் சொல்லவில்லை. துரைக்குத் தேவை அம்மா அல்ல, அம்மோனியா இல்லாத தண்ணீர். அதை யார் கற்றுக்கொண்டாலும் தரலாம்.

ஆறு வருடத்தில் நான் அம்மாவுக்குச் செய்ததும் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்பதை ஒரு செவிலியர் எனக்குச் சொல்லித்தந்தார். விழுங்கச் சிரமப்படுகிறவளுக்குக் கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை இன்னொருவர் சொல்லித்தந்தார். நான் கற்றுக்கொண்டேன். அந்தப் படிப்பைத்தான் வீட்டில் எல்லோரும் என் குணம் என்று சொன்னார்கள்.

ஃபைட்டர் மீனைப் பற்றி வாசிக்க வாசிக்க இன்னொன்றும் தெரிந்தது. தாய்லாந்துப் பக்கத்து நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் மீனினத்திலிருந்து சண்டைக்காகவும் அழகுக்காகவும் மனிதர்கள் பல தலைமுறையாகப் பெருக்கி எடுத்தது இது. 2019இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. செவுளோடு சேர்த்து, மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் ஓர் உறுப்பு இதற்கு உண்டு. கலங்கிய, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் அதனால் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும். ஆகவே கடைகளில் உள்ளங்கை அகல பிளாஸ்டிக் டப்பாவில் இதை அடைத்து வைக்கிறார்கள். "இது எதுலயும் இருக்கும் மேடம்." தாங்கிக்கொள்ளும் என்பதற்காகவே குறைவாகக் கொடுப்பது என்கிற இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல, இதை வாசிக்கிற உங்களுக்கும் புதிதாக இருக்காது. கடைசிப் பந்தியில் மிஞ்சியதைச் சாப்பிட்ட பாட்டிகள் எல்லோரும் 'எதுலயும் இருப்பவர்கள்'தான். தொட்டி என்பதே சிறைதானே என்று ஒரு மாணவி கேட்டாள். சிறைதான். வைகையில் விட்டாலும் அது இவனுக்கு வீடாகாது. வாலும் துடுப்பும் இப்படி நீண்டு போகும்படி வளர்த்தெடுத்த மீன், ஓடும் ஆற்றில் பிழைக்காது. விடுதலை தர முடியாத இடத்தில், இருக்கிற இடத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கித் தரலாம். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பதினெட்டு வருடமாகப் பெண்களின் கண்ணைக் கயல் என்றும் கெண்டை என்றும் பாடம் நடத்துகிறேன். ஒரு மீனின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தது இப்போதுதான். அதற்கு இமை இல்லை. மீன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கண்ணிமைக்காமல் காக்கும் தாய் என்று எங்கள் ஊர் மீனாட்சிக்கு அதைப் பொருத்திச் சொல்வார்கள். துரையின் இனத்தில் நடப்பது வேறு. ஆண் மீன் எச்சில் குமிழிகளால் தண்ணீரின் மேல் ஒரு கூடு கட்டும். பெண் முட்டையிட்டதும், கீழே விழும் முட்டைகளை ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் வைக்கும். உதிர்வதைத் திரும்ப எடுத்து வைத்து, குஞ்சுகள் நீந்தும்வரை காவல் நிற்கும். பெண் அங்கேயே இருந்தால் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும் என்பதால் வளர்ப்பவர்கள் அதைத் தனியே எடுத்துவிடுவார்கள். இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரே ஆரவாரம். "அப்ப அப்பாதான் மேம் இயற்கை!" நான் அப்படிச் சொல்லித் தப்பிக்கவில்லை. மீனைக் காட்டி ஆணுக்குச் சட்டம் எழுதினால், நாளைக்கு வேறொரு உயிரைக் காட்டி நமக்கு எழுதுவார்கள். இரண்டாயிரம் வருடமாக அதுதானே நடக்கிறது. துரை, இணை இல்லாமலேயே மாதம் ஓரிரு முறை குமிழிக்கூடு கட்டுகிறான். தண்ணீர் மாற்றும்போது அது கலையும். மறுநாள் மறுபடி கட்டுகிறான். அதற்கு அர்த்தம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்திருக்கிறது.

தொட்டியருகே கண்ணாடி காட்டினால், எதிரில் இன்னொரு ஆண் நிற்பதாக நினைத்துச் செவுள் மூடியை விரித்துச் சண்டைக்கு நிற்பான். உடற்பயிற்சிபோல் எப்போதாவது ஓரிரு நிமிடம் காட்டுவேன். அப்போதெல்லாம் குறுந்தொகையின் எட்டாம் பாட்டு நினைவுக்கு வரும். ஆலங்குடி வங்கனார் பாட்டு. வயலோர மாமரத்திலிருந்து விழும் பழத்தை வாளைமீன் கவ்வும் ஊர்க்காரன் அவன். எங்களிடம் வந்து பெருமை பேசிவிட்டு, வீட்டில் மகனின் தாய்க்கு ஆடிப்பாவைபோல் ஆடுகிறான் என்று பரத்தை ஏளனம் செய்கிறாள். ஆடிப்பாவை என்றால் கண்ணாடிக்குள் தெரியும் உருவம். எதிரில் இருப்பவர் கை தூக்கினால் தூக்கும், கால் தூக்கினால் தூக்கும். ஓர் ஆண் அப்படி இருந்தால் அது கேலிக்குரியது. அம்மா இருமினால் எழுந்து, அம்மா புரண்டால் புரண்டு ஆறு வருடம் நான் அப்படித்தான் இருந்தேன். அதை யாரும் கேலி செய்யவில்லை. 'தங்கமான பொண்ணு' என்றார்கள். துரை கண்ணாடியைப் பார்த்து ஆடிப்பாவை ஆவதில்லை. எதிர்த்து நிற்கிறான்.

கண்ணாடித் தொட்டியின் வரலாற்றைத் தேடிப்போனபோது அங்கேயும் பெண்கள் இருந்தார்கள். கடல் உயிர்களை உயிரோடு வைத்து ஆராய்வதற்காக 1832இல் கண்ணாடித் தொட்டியை உருவாக்கியவர் ழான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. தையல்காரியாக வேலை பார்த்தவர். திருமணத்துக்குப் பிறகு சிசிலித் தீவின் மெசினாவில் வாழ்ந்தார். ஆர்கனாட் என்ற எண்காலியின் உறவுக்கார உயிர், தான் இருக்கும் மெல்லிய ஓட்டைத் தானே கட்டுகிறதா, வேறொரு உயிரின் ஓட்டைப் பிடித்துக்கொண்டு குடியிருக்கிறதா என்று அன்றைய அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தொட்டியில் வைத்துப் பார்த்து, தானே கட்டுகிறது என்று அவர் நிறுவினார். அந்த ஓட்டைக் கட்டுவது பெண் ஆர்கனாட் மட்டுமே. அவள் இருப்பது அவள் கட்டிய வீடுதான் என்று நிரூபிக்க ஒரு பெண் தொட்டி செய்ய வேண்டியிருந்தது.

இன்னொருவர் லண்டனில் வாழ்ந்த ஆனா தின். 1846இல் கடற்கரையிலிருந்து பவள உயிர்களைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். தண்ணீரில் காற்றைக் கலக்க அப்போது மோட்டார் கிடையாது. திறந்த ஜன்னலின் முன் நின்று, தினமும் அரைமணி, முக்கால்மணி நேரம் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்தவள் அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. களைப்பான வேலைதான், ஆனால் அவளுக்கு அது விளையாட்டுபோல் இருந்தது என்கிற பொருளில் ஆனா தின் பின்னால் எழுதினார். சிறுமி என்ன நினைத்தாள் என்பதை எழுதி வைக்க ஆள் இல்லை. என் வீட்டில் துரையின் வாளியை நான்தான் தூக்குகிறேன். அக்கா கேட்டாலும் கொடுப்பதில்லை. பெயர் என்னுடையதாகவும் தண்ணீர் வேறொரு பெண்ணின் தோளிலும் இருக்கக் கூடாது.

போன வருடம் தஞ்சாவூரில் ஐந்து நாள் பயிலரங்கம். நல்ல ஆரோக்கியமான மீன் சில நாள் சாப்பிடாமல் இருக்கும். அதைப் படித்தபோது சிரித்தேன். ஆறு வருடத்தில் நான் ஒரு பகல் வெளியே போக முடிந்ததில்லை. ஆனால் அது ஏப்ரல். தண்ணீரின் சூட்டை யாராவது பார்க்க வேண்டும். அக்கா மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். அண்ணன் அப்போதுதான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்றார்.

"வர வேண்டாம்ணே. எழுதித் தர்றேன், படிச்சுச் செய்ங்க."

ஒரு பக்கம் எழுதினேன். எத்தனை மணிக்கு எத்தனை உருண்டை தீனி, வெப்பமானி எதைக் காட்டினால் மின்விசிறியைப் போட வேண்டும், மூன்றாம் நாள் எத்தனை குவளை தண்ணீர் எடுத்து எத்தனை சொட்டு மருந்து கலந்து ஊற்ற வேண்டும் என்று பதினோரு வரி. முதல் நாள் ஏழு முறை போன் செய்தார். மூன்றாம் நாள் இரண்டு முறை. ஐந்தாம் நாள் போனே வரவில்லை. திரும்பி வந்து நோட்டைப் பார்த்தேன். வங்கிப் பேரேடுபோல் கோடு போட்டு, தேதி, நேரம், வெப்பம், 'சாப்பிட்டது – 3', 'சாப்பிட்டது – 3', 'இன்று 2 மட்டும், ஒன்றை வெளியே எடுத்துவிட்டேன்' என்று அவருடைய அழகான கையெழுத்து. தொட்டி பளிச்சென்றிருந்தது. துரை அண்ணனைக் கண்டதும் முன்னால் வந்து ஆடினான். "என்னய அடையாளம் தெரியுதும்மா இதுக்கு" என்று கண் விரியச் சொன்னார்.

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. வராது, வராது என்று சொன்ன கைகள் இவைதான். பதினோரு வரியில் வந்துவிட்டது. அம்மாவுக்காக அப்படி ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று அந்த ஆறு வருடத்தில் என்னை எவரும் கேட்கவில்லை. குணத்தை யாரும் எழுதித் தரச் சொல்வதில்லை. வேலையைத்தான் எழுதித் தரச் சொல்வார்கள். அதை அண்ணனிடம் அன்று சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

சொல்ல வேண்டிய நேரம் இந்த வருடம் வந்தது. சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தாள். சித்தப்பா இல்லை, பிள்ளைகள் இல்லை. உறவெல்லாம் கூடத்தில் உட்கார்ந்தது. பேச்சு சுற்றிச் சுற்றி வந்து ஒரு கட்டத்தில் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீதான் பழகினவ" என்றார் ஒரு மாமா.

"பழகினதுதான். அதனாலதான் சொல்லித்தர முடியும்" என்றேன். பையிலிருந்து தாளை எடுத்தேன். மாத்திரை நேரம், புரட்டும் நேரம், கஞ்சியின் பக்குவம், காலை எப்படித் திருப்பக் கூடாது என்று முப்பத்திரண்டு வரி. கீழே ஏழு நாளுக்கும் ஏழு கட்டம். ஒரு கட்டத்தில் மட்டும் என் பெயரை எழுதினேன். கூடம் வெகுநேரம் அமைதியாக இருந்தது. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முப்பத்திரண்டு வரியையும் படித்தார். செவ்வாய், சனி இரண்டு கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.

ஆம்பளைப் பிள்ளை செய்ய சித்தி சம்மதிக்க வேண்டுமே என்று அத்தை ஒருவர் இழுத்தார். உள்ளே கட்டிலிலிருந்தே பதில் வந்தது: "நான் குளிப்பாட்டின பயதான அவன். எனக்கென்ன வெக்கம்."

முதல் செவ்வாய்க்கிழமை மதியம் நான் துரைக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ரப்பர் குழாய், கீழே பாதி நிறைந்த வாளி. போன் அடித்தது. அண்ணன்.

"ஏம்மா, பொரட்டிப் படுக்க வச்சா தலகாணிய முதுகுக்குக் குடுக்கணுமா, முட்டிக்கு நடுவுலயா?"

"ரெண்டுக்கும்ணே" என்றேன்.